ஜீப்புக்கு எஞ்சின் தேர்ந்தெடுத்த விதம்

அன்று ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் மாமியார், அதாவது அத்தை, ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வண்டி அவர் பெயரில் இருந்தது. தான் இறங்கிவிட்டால் பேசி முடிப்பதற்குள் எதையாவது கழற்றிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. மச்சான், என் மனைவியின் அண்ணன், கவிழ்த்து வைத்த பெயின்ட் டப்பாவின் மேல் இருந்தார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவருடைய செருப்பும் குரலும் மட்டும் வெளியே வந்தன. என் மனைவி வாசல்படியில், நர்ஸ் சீருடையில். மூன்று மணிக்கு அவளுக்கு டியூட்டி. நான் மேசையில். எழுதுகிறவன் என்பதால் எனக்கு மட்டும் மேசை.

கூடியதற்குக் காரணம் ஒரு கடிதம். என் மனைவி பதினோரு வருடமாக மாற்று நர்ஸ். யார் விடுப்பில் போனாலும் அந்த இடத்துக்கு இவள் போவாள். மூன்று மாதம், நான்கு மாதம், பிறகு வேறு இடம். எந்த ஆஸ்பத்திரியிலும் அவளுக்கென்று ஒரு அலமாரிச் சாவி இருந்ததில்லை. இப்போது மலைமேல் உள்ள துணை சுகாதார நிலையத்தில் நிரந்தர இடம் காலியாகியிருந்தது. கொடுக்கிறோம், ஆனால் சொந்த வண்டி வேண்டும், அடிவாரச் சோதனைச்சாவடி கேட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டரை நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் ஏற வேண்டும், ஏறியதற்குச் சான்று மாதக் கடைசிக்குள் வர வேண்டும் என்று மாவட்ட மருத்துவ அதிகாரி எழுதியிருந்தார். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள்.

எங்களிடம் இருந்தது மாமனார் விட்டுப்போன ஜீப். எஞ்சின் இருமியது, கியர்பாக்ஸ் இரண்டாவதில் நிற்காது, ஆக்ஸில் ஒடிந்து இரண்டு வருடம். மெக்கானிக்கின் கணக்கில் சரியாக இருந்தது ஹாரன்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய காரியம் எதுவானாலும் ஆளுக்கு ஒன்று பிரித்துக்கொள்வார்கள். என் கல்யாணத்தில் மண்டபம் ஒருவர் பொறுப்பு, பந்தி ஒருவர், மாப்பிள்ளை ஒருவர். ஆகவே எஞ்சின் மச்சானுக்கு, கியர்பாக்ஸ் மெக்கானிக்குக்கு, ஆக்ஸில் அத்தைக்கு என்று எழுதினேன். போன முறை வீட்டுக்கு வெள்ளையடித்தபோது நடந்த சண்டையை மனத்தில் வைத்து, கீழே ஒரு விதியும் சேர்த்தேன்: ஒருவர் தேர்ந்தெடுத்ததைப் பற்றி மற்றவர் வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மெக்கானிக் அடியிலிருந்து கையை மட்டும் நீட்டிப் போட்டார்.

“எனக்கு?” என்றாள் மனைவி.

“நீ ஓட்டப் போறவ. உனக்கு எதுக்கு?” என்றார் மச்சான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அத்தை பழைய இரும்புக் கடைக்குப் போய், ஒரு சரக்கு வண்டியின் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் எடுத்து வந்தார். பெரிய பல்சக்கரத்தில் நாற்பத்தொரு பல், சின்னதில் ஏழு என்று எண்ணிப் பார்த்துத்தான் எடுத்திருந்தார். “மெதுவா மென்னு தின்னும். ஆனா விடாது,” என்றார். மெக்கானிக் ஒரு வேனிலிருந்து நாலு கியர் உள்ள கியர்பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்.

மச்சான் கொண்டுவந்த டீசல் எஞ்சின் ஒரு படகிலிருந்து கழற்றியது. பெயின்ட் பளபளத்தது. ஒவ்வொரு பொருளும் வந்தபோது அங்க அடையாளங்களைக் குறித்துக்கொள்வது என் பழக்கம். அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: “எஞ்சின் முகப்பில் அம்புக்குறி உள்ளது. இடப்பக்கம் காட்டுகிறது. நன்றாக வரைந்திருக்கிறார்கள்.”

மெக்கானிக் அந்த அம்பை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

பதினாறு நாளில் எல்லாம் ஒன்று சேர்ந்தது. மனைவி ஏறி உட்கார்ந்து, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டாள். ஜீப் பின்னால் போய்ச் சுவரில் இடித்து நின்றது.

“ரிவர்ஸ்ல இருக்கு பாப்பா,” என்றார் மச்சான்.

“இல்லண்ணே.”

வெளியே தள்ளி நிறுத்திவிட்டு இரண்டாவது போட்டாள். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதைச் சோதிக்க வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ரிவர்ஸ் போட்டாள். ஜீப் முன்னால் நகர்ந்தது. கூடவே நடந்து வந்த அத்தை, சற்று நேரத்தில் ஜீப்பைத் தாண்டிப் போயிருந்தார்.

“நாலு கியர் பின்னாடிக்கு, ஒண்ணு முன்னாடிக்கு,” என்றார் மெக்கானிக். “படகுல ரெண்டு எஞ்சின் இருக்கும் சார். ஒண்ணு வலப்பக்கம் சுத்தும், ஒண்ணு இடப்பக்கம். இது இடப்பக்கத்து ஆளு. வண்டிக்கு வலப்பக்கம் சுத்தணும்.”

“தெரிஞ்சா சொல்ல மாட்டியா?” என்றார் மச்சான்.

“வாய் தொறக்கக் கூடாதுன்னு சார்தான் எழுதினாரு. நான் கையெழுத்து வேற போட்டிருக்கேன்.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் நோட்டைப் புரட்டி அம்புக்குறி பற்றிய குறிப்பைக் காட்டினேன். அது உதவவில்லை.

“அந்த இன்னொரு எஞ்சின் எங்க?” என்று மனைவி கேட்டாள்.

“படகுல ஓடிட்டிருக்கு,” என்றார் மச்சான். “கேட்டுப் பார்த்தேன். படகுக்காரன் இருபது நாள்ல கழட்டித் தர்றானாம். இப்பவே படகு ஒத்தக் கால்ல போகுது, அதையும் கழட்டினா எதுல போகும்னு கேக்கறான்.”

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது.

மறுநாள் காலை அடிவார கேட்டுக்குப் போனோம். முதலில் ரிவர்ஸ் போட்டு முன்னோக்கி ஏறினாள். அத்தையின் ஆக்ஸில் மென்று தின்றது, எங்கும் விடவில்லை. ஆனால் ஒரு மணி ஐந்து நிமிடம். கீழே இறங்கி வந்ததும் மனைவி தண்ணீர் குடித்துவிட்டு, வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தை மலைக்குக் காட்டி நிறுத்தினாள்.

கேட் காவலர் பதிவேட்டுடன் வெளியே வந்தார். அதில் ஏறும் வண்டிக்கு ஒரு பத்தி, இறங்கும் வண்டிக்கு ஒரு பத்தி.

“ஏம்மா, போறீங்களா, வர்றீங்களா?”

“போறேன்.”

“மூஞ்சி இந்தப் பக்கம் இருக்கே.”

“மூஞ்சியப் பாக்காதீங்க. நேரத்தப் போடுங்க.”

அவர் யோசித்து இரண்டு பத்தியிலும் போட்டார்.

பதினான்கு வளைவுகள். மனைவி கழுத்தைத் திருப்பியபடியே இரண்டாவது கியரில் ஏறினாள். நான் பின்னால் கடிகாரத்துடன் உட்கார்ந்திருந்ததால், முறைப்படி பார்த்தால் வண்டியில் முதலில் போனவன் நான். அத்தை முன் இருக்கையில் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தார். “போன இடமெல்லாம் நல்லாத் தெரியுது. போற இடந்தான் தெரியல,” என்றார். ஒன்பதாவது வளைவில் கீழிருந்து ஏறி வந்த லாரிக்காரர், இறங்கி வந்த நாங்கள் தனக்கு வழிவிடப் பின்வாங்குகிறோம் என்று நினைத்து நன்றி சொல்லிக் கையைக் காட்டினார். துணை நிலையத்தின் வாசலைத் தொட்டபோது முப்பத்தெட்டு நிமிடம். அங்கிருந்தே கேட் காவலருக்குப் போன் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். மனைவி இறங்கிப் பூட்டியிருந்த கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். கழுத்து இடப்பக்கமே திரும்பியிருந்தது. நேராக வர மறுநாள் ஆனது.

மாலையில் கடிதம் எழுதினேன். “கேட்டிலிருந்து துணை நிலையம்வரை எங்கள் வண்டி முப்பத்தெட்டு நிமிடத்தில் ஏறியது. கேட் காவலரின் சான்று இணைக்கப்பட்டுள்ளது.” ஒவ்வொரு சொல்லும் உண்மை. இருபது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதம் எழுதியவன். எதை விட்டு எழுதுவது என்பது எனக்குத் தெரியும்.

மனைவி வாசித்தாள். “எந்தப் பக்கமா ஏறுச்சுன்னு இல்லையே.”

“அவர் கேக்கலயே.”

“கேக்கலன்னா?”

“இருபது நாள்தாம்மா. எஞ்சின் வந்துரும். அதுக்குள்ள யாரு வந்து பாக்கப்போறா?”

“அந்த இருபது நாள்ல ஒருத்திக்கு வலி வரும்ங்க. அவள ஏத்திக்கிட்டு நான் பின்னாடியே பாத்துட்டுப் போகணும். அது அவருக்குத் தெரியணுமா வேணாமா?”

“தெரிஞ்சா அடுத்த ஆளக் கூப்பிடுவாரு.”

“கூப்பிடட்டும். நீங்க எழுதுங்க.”

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரைப் பார்த்தார். அவர் பெயின்ட் டப்பாவில் மறுபடி உட்கார்ந்தார்.

புதுத் தாளில் எழுதினேன். “மேற்படி ஒன்பது கிலோமீட்டரையும் வண்டி பின்னோக்கி ஏறியது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். முன்னோக்கி ஏற ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகிறது. எஞ்சின் எதிர்ப்பக்கம் சுழல்வதே காரணம். இருபது நாளில் வேறு எஞ்சின் பொருத்தப்படும். அதற்குப் பிறகு மீண்டும் ஏறிக் காட்டச் சம்மதம். அதுவரை இந்த இடத்தை வேறு எவருக்கும் ஒதுக்காமல் வைத்திருக்கும்படி வேண்டுகிறேன். கேட் பதிவேட்டில் எங்கள் வண்டி ஒரே நேரத்தில் ஏறியதாகவும் இறங்கியதாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம்.”

கடைசி வாக்கியம் தேவையா என்று கேட்டேன். தேவை என்றாள். வாங்கி, மேசையின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடித் திருப்பித் தந்தாள்.

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். அவளே பசை தடவி, விளிம்பை இரண்டு முறை கட்டைவிரலால் அழுத்தினாள். ஐந்து மணிக்கு மூடுவார்கள் என்பதால் நான் வேகமாக நடந்தேன். தபால் அலுவலகப் பெண் எடை பார்த்தார், பதிவுத் தபால் சீட்டை ஒட்டினார், முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார்.