தடுப்பாட்டம்

பெரியவள் ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றபோது அப்பா பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சட்டையின் நீளக்கையை விரல் வரைக்கும் இழுத்து விட்டிருந்தாள். அம்மா அதை ஏற்றிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது.

"இனிமே அங்க போக மாட்டேன்பா."

அப்பா பம்பை நிறுத்தவில்லை. "புருஷன் பொண்டாட்டின்னா முன்னபின்ன இருக்கத்தான் செய்யும். உன் வீட்டுக்காரர், நீதான் அனுசரிச்சுப் போகணும். நடுவுல நாங்க வந்தா நல்லாவா இருக்கும்?"

"இது முதல் தடவை இல்லப்பா."

"சாயந்திரம் மாப்பிள்ளைய கிரவுண்டுக்கே வரச் சொல்றேன். கிளம்பிப் போயிடு. வீட்டு வாசல்ல நின்னு நாலு பேர் வேடிக்கை பாக்க வேணாம்."

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து கோச்சரான அப்பாவுக்குத் தெருவில் நல்ல பெயர். அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழ விடமாட்டார். மகள் கையில் விழுந்தது அந்தக் கணக்கில் சேராது. சின்னவள் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவர் அணிக்கு இப்போது அவள்தான் கேப்டன். அவளுக்கு முன்னால் பெரியவள்தான் கேப்டனாக இருந்தாள்.

சாயந்திரம் பெரியவளைப் பையோடு மைதானத்து ஓரப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அன்றைக்குத் தடுப்பாட்டப் பயிற்சி. ஆளுக்கொருத்தியை மறிக்க வேண்டும். ஒருத்தி ஏமாந்து, எதிராளி கூடையை நோக்கிப் பாய்ந்துவிட்டால், ஏமாந்தவள் 'ஹெல்ப்' என்று கத்துவாள். பக்கத்தில் இருப்பவள் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே நிற்க வேண்டும். மோதித் தள்ளினாலும் கால் அசையக் கூடாது. இந்த விஷயத்தில் கோச்சர் படு கறார்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண் ஒருமுறை நகராமல் நின்றுவிட்டாள். பந்து கூடைக்குள் விழுந்தது. கோச்சர் விசில் ஊதினார்.

"ஏன் போகல?"

"அது அவளோட ஆள், சார்."

"யாரோட ஆளா இருந்தா என்ன? கூட ஆடுறவ மாட்டிக்கிட்டா நின்னு வேடிக்கை பாப்பியா? கூப்பிட்டா போகணும். கூப்பிடாட்டியும் போகணும். இதுகூடத் தெரியாதவளுக்கு என் டீம்ல இடமில்ல."

கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளை வந்தான். கசங்காத சட்டை, விரலில் சுழலும் சாவிக்கொத்து. "வாங்க மாப்பிள்ளை" என்று கோச்சர் குழைந்தார். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராகப் பெஞ்சுக்கு நடந்தான்.

"எழுந்திரு. நாடகம் ஆடினது போதும்."

அவள் எழுந்திருக்கவில்லை. அவன் அந்தக் கன்றிய மணிக்கட்டையே பார்த்துப் பிடித்து இழுத்தான். அவள் வாயிலிருந்து பழைய பழக்கத்தில் அந்தச் சொல் வந்தது. கத்தக்கூட இல்லை.

"ஹெல்ப்."

சின்னவள் பந்தைப் போட்டுவிட்டு ஓடினாள். இருவருக்கும் நடுவில் புகுந்து, காலை அகட்டி, கையை விரித்து நின்றாள். அவன் பிடியை விட வேண்டியதாயிற்று. நெட்டை வந்து அவள் தோளோடு தோள் சேர்ந்தாள். அணியின் மற்ற மூன்று பேரும் எதுவும் கேட்கக்கூட இல்லை, வந்து பெஞ்சைச் சுற்றி அடைத்துக்கொண்டார்கள்.

"என்ன மாமா இது?" அவன் சிரித்தான். "உங்க பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க."

கோச்சர் பார்த்தார். ஓர் ஆள் நுழைய இடைவெளி இல்லை. ஒருத்தியின் காலும் அசையவில்லை. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் வராதது இன்றைக்கு அப்படியே வந்திருந்தது. அதைக் கலைக்க அவரே விசிலை எடுத்து ஊதினார்.

யாரும் நகரவில்லை. மறுபடியும் ஊதினார்.

"அக்கா கூப்பிட்டாங்க, சார்" என்றாள் நெட்டை, திரும்பிப் பார்க்காமல்.