மல்லிகைத் தோட்டத்து உப்புக்குழி

பரளச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜெப ஷீலாவை வரவேற்றது அவளுடைய முகமேதான். வேப்பமரத்துக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவே பெரிய பிளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தது. தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். 'கடல்நீரைக் குடிநீராக்கிய பரளச்சியின் மகளே வருக!' என்று மேலே. 'அன்பு அண்ணன் கிறிஸ்டோ' என்று கீழே. காற்று ஒரு முனையைக் கிழித்ததில் அவளுடைய இடது காது மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, போட்டோவுல ரெண்டு சுத்துப் பெருத்துல்ல தெரியுற?" தண்ணீர்க் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்த சோலைச்சாமி கேட்டார்.

"பக்கத்துலயே நிக்கிறேன்ல, ஒப்பிட்டுப் பாத்துக்கங்க."

"ஒங்கண்ணன் பண்ணுன அலும்பு தாங்கல. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சப்பக்கூட இம்புட்டுப் பெருசா அடிக்கலயேலேன்னு கேட்டா, கல்யாணம் எல்லாருக்குந்தான் நடக்குது, இந்த அவார்டு யாருக்குய்யா கெடைக்குதுங்கிறான்."

அவள் படித்த கல்லூரியின் வேதிப்பொறியியல் துறை, சாதனை புரிந்த பழைய மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விருது தரும். இந்த ஆண்டு அது ஷீலாவுக்கு. சனிக்கிழமை மதுரையில் விழா. வளைகுடா நாடுகளில் கடலோரம் அவள் வடிவமைத்துக் கொடுத்த ஆலைகளின் தண்ணீரைப் பல லட்சம் பேர் குடிக்கிறார்கள். ஆனால் அண்ணன் இவ்வளவு ஆவலாகக் காத்திருந்தது விருதுக்காக மட்டும் இல்லை என்பது வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது.

"பாப்பா, கொஞ்சம் தோட்டத்துப் பக்கம் வந்து ஒரு எட்டுப் பாத்துரு. மல்லிக சரியில்ல. ரெண்டு வருசமா மருந்து, உரம், எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுக்கும் கேக்க மாட்டேங்குது. கடல் உப்பையே எடுக்குறவ எந்தங்கச்சி, அவ வந்தா இது ஒரு வேலையான்னு ஒங்க மதினிகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"சொல்லிக்கிட்டே இருந்தாகளா? காது புளிச்சுப்போச்சு" என்றாள் மதினி தங்கத்தாய், டம்ளரை வாங்கியபடி.

மானாவாரிக் காட்டுக்கு நடுவே கிணறு வைத்த தோட்டம் அது. இந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கொஞ்சம் கரிக்கும்; ஆனாலும் மல்லிகை தாங்கும். விடியும் முன்னே பறித்து, முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மூட்டை ஏறினால் பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூடக் கண்ணைத் திறப்பார்கள். கிணற்றை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் ஏழு வருடம் முன்பு ஷீலா வாங்கிப் போட்ட சுத்திகரிப்பு மெஷின். ஊரே வந்து குடத்தில் பிடித்துக்கொண்டு போகும். கிறிஸ்டோ காலையில் சுவிட்சைப் போடும் அழகே தனி. சிலுவை போட்டுக்கொண்டுதான் போடுவார்.

ஷீலா செடியைப் பார்த்தாள். இலை ஓரமெல்லாம் பீடியால் சுட்டதுபோலக் கருகியிருந்தது. மொட்டு அரிசி அளவுக்குச் சிறுத்திருந்தது. குனிந்து வரப்பைத் தொட்டாள். கரிசல் மண்மீது மாவு தூவினாற்போல உவர் பூத்திருந்தது. விரலை நாக்கில் வைக்கவே வேண்டியதில்லை, வைத்தாள்.

"அண்ணே, கறுப்புத் தார்ப்பாய் போட்டு ஒரு குழி வெட்டச் சொன்னேனே. மெஷின்லேருந்து வர்ற கழிவுத் தண்ணிக்கு. அது எங்க?"

கிறிஸ்டோவின் முகம் மலர்ந்தது. அவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல இருந்தது. "வா, காட்டுறேன்."

கொட்டகைக்குப் பின்னால் இருந்து ஒரு வாய்க்கால் கிளம்பியது. கைவேலைதான், ஆனால் எவ்வளவு நேர்த்தி! ஓரத்துக்குக் கல் பதித்து, வளைவில் மண் அரிக்காமல் அருகம்புல் வைத்து, மல்லிகைப் பாத்தி ஒன்று விடாமல் சுற்றி ஓடியது.

"நீ சொன்ன மாதிரி குழி வெட்டி ஒரு வாரம் விட்டுப் பாத்தேன், பாப்பா. தண்ணி தளும்பத் தளும்ப நிக்குது, வெயிலு குடிக்கிது. எனக்கு மனசு கேக்கல. இந்த ஊருல பொறந்துட்டு, தண்ணியக் காயப்போடுறதான்னு இருந்துச்சு. எவனாச்சும் பாத்தா காறித் துப்புவான். அதான் இப்பிடித் திருப்பிவிட்டேன். ஒரு சொட்டு வீணாப் போகல. தார்ப்பாயில மதினி மொளகா காயப்போடுறா."

ஷீலா குனிந்து வாய்க்கால் தண்ணீரில் கையை விட்டாள். அந்த மெஷின் செய்யும் வேலையை அவள் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். வெள்ளைக் குழாய்க்குள், பாயைச் சுருட்டியது போல மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மோட்டார் தண்ணீரை அதன்மேல் அழுத்தும். சவ்வு தண்ணீரை உள்ளே விடும்; உப்பை விடாது. அவ்வளவுதான். மெஷின் உப்பை அழிப்பதில்லை, பிரிக்க மட்டும் செய்கிறது. பாதித் தண்ணீர் இனிப்பாகக் குடத்துக்குப் போனால், மொத்த உப்பும் மீதிப் பாதியில் சேர்ந்துகொண்டு வெளியே வரும். உள்ளே போனது எல்லாம் எங்கேயாவது இருந்தே ஆகவேண்டும் என்பது வேதிப்பொறியியலின் முதல் பாடம். கடலோர ஆலைகளில் அந்த உப்பைக் கடலே வாங்கிக்கொள்ளும். அதைக் கடலுக்கு வலிக்காமல் கொண்டுபோய்ப் பரப்பிவிடும் குழாய்களைச் செய்ததற்குத்தான் இப்போது விருது.

இங்கே கடல் இல்லை. இருந்தது வாய்க்காலும் மல்லிகையும் கிணறும். வாய்க்காலில் ஓடியது மண்ணுக்குள் இறங்கி, அதே கிணற்றில் போய் ஊறி, மறுநாள் மறுபடி மெஷினுக்குள் போயிருக்கிறது. அந்த வட்டத்தை விட்டு வெளியேறியது குடத்து நல்ல தண்ணீர் மட்டும்தான். உப்பு ஏழு வருடமாகச் சுற்றிச் சுற்றி வந்து ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

சவ்வு சீக்கிரம் சீக்கிரம் அடைத்துக்கொள்வதாக அண்ணன் போனில் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் புதுச் சவ்வு வாங்கி அனுப்பினாள். ஏன் அடைக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"இந்தா, இதையும் பாரு" என்று கிறிஸ்டோ கொட்டகை நிழலுக்குக் கூட்டிப்போனார். ஈரச் சாக்கைத் தூக்கினார். ராமேஸ்வரம் பக்கமிருந்து வரவழைத்த மல்லிகை நாற்றுகள், கட்டுக் கட்டாக. "நீ கெணத்தச் சரிபண்ணிக் குடுத்துட்டேன்னா, விழா முடிஞ்ச கையோட பழசப் புடுங்கிட்டு இதை நட்டுருவேன். நல்ல தண்ணிதான் தெளிச்சு வச்சிருக்கேன்."

அன்று அவள் பையில் கொண்டுவந்திருந்த கருவியால் கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளந்து பார்த்துவிட்டு, "பாக்குறேண்ணே" என்றாள். விழா முடியட்டும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டே, "நாத்து தாங்காது போல. இன்னைக்குச் சாயந்தரமே ஒரு பாத்தி நட்டுருவோமா?" என்று கேட்டபோது, அவள் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"வேண்டாம்ணே."

"ஏன்?"

ஷீலா குழம்புச் சட்டியைப் பார்த்தாள். "மதினி, இந்தக் குழம்புல இருக்குற தண்ணிய மட்டும் உப்பில்லாமத் தனியா எடுத்துட்டு, மிச்ச மண்டியத் திரும்பச் சட்டியிலயே ஊத்துறோம்னு வைங்க. கொஞ்சம் புதுக் குழம்பையும் சேத்துக்கிட்டு, தெனமும் இப்பிடியே செய்யுறோம். என்ன ஆகும்?"

"வாயில வைக்க வெளங்காது. உப்புக் கரிச்சிரும்" என்றாள் தங்கத்தாய்.

மதினி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கிறிஸ்டோ சிரிக்கவில்லை. சட்டியையும், சன்னல் வழியே தெரிந்த கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நல்ல மாணவனுக்கு விளங்குவதுபோல, ஒரு தடவை சொன்னதிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப நாந்தான் ஊத்துனேனா?"

"இல்லண்ணே. நான் வந்து பாத்திருக்கணும்."

"வாய்க்கா நான் வெட்டுனது."

"மெஷின் நான் வச்சது."

"சரி விடு. எடுத்துரலாம்ல? நீ இத்தன ஊருக்கு எடுத்திருக்க."

"தண்ணிய எடுத்தேண்ணே. உப்ப எடுக்கல. கரிசல் மண்ணு உப்பப் புடிச்சுக்கிட்டா லேசுல விடாது. மேல ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணியா ஊத்திக் கழுவிக்கிட்டே இருக்கணும். அவ்வளவு நல்ல தண்ணிக்கு இங்க எங்க போறது?"

"மழை?"

நம் ஊரில் பெய்கிற மழைக்கா என்று அவள் கேட்கவில்லை. அவரே கேட்டுக்கொண்டார் போலும். "எங்காலத்துல ஆகுமா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வெளியே நாற்று காத்திருந்தது. "ஆகாதுண்ணே."

கிறிஸ்டோ தட்டிலேயே கை கழுவினார். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் ஷீலாவுக்குத் தாங்கவில்லை.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "மெஷின நிறுத்தணுமா?"

"நிறுத்துனா ஊருக்கு ஏது தண்ணி? ஓட்டலாம். ஆனா கழிவு ஒரு சொட்டு மண்ணுல படக்கூடாது. குழியிலதான் காயணும். இப்ப உப்பு கூடிப்போச்சு, கழிவும் கூடும். பழைய குழி பத்தாது. ஆழமில்லாம அகலமா வேணும், அப்பத்தான் வெயிலு வேகமாக் குடிக்கும்."

"எம்புட்டு அகலம்?"

ஷீலா மனதுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு முடிந்ததும் சன்னல் வழியே மல்லிகைப் பாத்திகளைப் பார்த்தாள். அவர் அவள் கண் போன திசையைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

சனிக்கிழமை விடிகாலை மண்வெட்டிச் சத்தம் கேட்டு அவள் எழுந்து போனாள். பாதி மல்லிகை சாய்ந்து கிடந்தது. வேரோடு பிடுங்கிய செடியை ஒவ்வொன்றாக உதறி, அதில் இருந்த மொட்டைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு, பிறகுதான் தூக்கி எறிந்தார் கிறிஸ்டோ. வரப்பில் சோலைச்சாமி குடத்தோடு நின்றார்.

"ஏலே, கிறுக்குப் புடிச்சிருச்சா? இன்னைக்கு ஒந்தங்கச்சிக்கு அவார்டுடா!"

"அதுக்குள்ள முடிச்சுருவேன். நீ தண்ணி புடிச்சுட்டுப் போ. வழியில சிந்தாமப் போ."

நாற்றுக் கட்டுகளைத் தங்கத்தாய் திருச்சுழிப் பக்கம் இருக்கும் தன் தங்கைக்குக் கொடுத்துவிட ஏற்பாடு செய்தாள். அங்கே கிணறு இன்னும் நன்றாக இருக்கிறது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மதுரையில் குளிரூட்டிய மண்டபம். கிறிஸ்டோ கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எத்தனை தடவை தேய்த்தும் நகத்தடியில் இருந்த கரிசல் போகவில்லை. ஷீலாவின் தலையில் அவர் கிள்ளிய மொட்டில் மதினி கட்டிய சரம். மொட்டு சிறுசுதான், வாசம் மட்டும் குறையவில்லை.

தொகுத்து வழங்கிய பெண் சாதனைகளை வாசித்தாள். எந்தெந்த நாட்டில் ஆலைகள், என்னென்ன பொறுப்புகள், எத்தனை ஆய்வுக் கட்டுரைகள். கடைசியாக, "தன் சொந்தக் கிராமத்துக்கு ஏழாண்டுகளாக இலவசமாகக் குடிநீர் வழங்கி வருகிறார்" என்றதும் மண்டபம் அதிர்ந்தது. மற்ற எதற்கும் அப்படிக் கை தட்டவில்லை. கிறிஸ்டோ எழுந்து நின்று, பின்பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கும்பிடு போட்டார். மேடையில் இருந்த ஷீலா மாணவர்களுக்காக யோசித்து வைத்திருந்த பேச்சை மறந்து, "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

திரும்பும்போது காரியாபட்டியில் காரை நிறுத்தச் சொன்னார் கிறிஸ்டோ. அங்கே ஒரு கடையில் கனத்த தார்ப்பாய் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருந்தார். கடைக்காரர் சுருளைத் தெருவோரம் விரித்தார். கிறிஸ்டோ குனிந்து முழம் போட்டு அளந்தார். மல்லிகைத் தோட்டத்தின் நீளம் அவர் கைக்கு மனப்பாடம்.

மேல்காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்தது. கல் எதுவும் பக்கத்தில் இல்லை. ஷீலா கையில் இருந்த விருதுக் கேடயத்தைப் பார்த்தாள். நல்ல கனம். அதை எடுத்துத் தார்ப்பாயின் முனையில் வைத்தாள்.

"ஏ பாப்பா! அதப் போயிக் கீழ வைக்கிற?"

பதறிப்போய் ஓடிவந்து அதை எடுத்தார். தோள் துண்டால் தூசியைத் துடைத்து, எழுத்திருந்த பக்கத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயின் முனையில் தானே ஏறி நின்றார்.

"இப்ப வெட்டச் சொல்லு" என்றார்.