ஜஸ்ட் என்ற சொல்லுக்கு மூன்றாவது உதாரணம்

என் கணவன் பிளாஜெயிடம் மனம்விட்டு எதையும் பேசக் கூடாது. பேசினால் அது அகராதிக்குப் போய்விடும்.

பிராட்டிஸ்லாவாவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். ஆங்கிலச் சொற்களுக்கு ஸ்லோவாக்கில் பொருள் எழுதுவது தொழில். பிளாஜெய் தலைமை ஆசிரியர்; நான் ஸ்லோவாக் பக்கத்தைத் திருத்துகிறவள். அவன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. உதாரண வாக்கியத்தை யாரும் இட்டுக்கட்டக் கூடாது, யாராவது நிஜமாகச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் டிராமிலும் மதுக்கடையிலும் பல் டாக்டர் வாசலிலும் காதைத் தீட்டிக்கொண்டு அலைவோம். பிளாஜெயின் பையில் பீர் கோப்பைக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டைகள் எப்போதும் கிடக்கும். கேட்டதை அதில்தான் கிறுக்குவான். கல்யாணமான புதிதில் இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

ஜே எழுத்தின் அச்சுப்படி வந்தபோது 'ஜஸ்ட்' என் மேஜைக்கு வந்தது. பொல்லாத சொல். இங்கிலீஷ்காரன் எதற்கெடுத்தாலும் அதைச் செருகிவிட்டுப் போய்விடுவான், நாங்கள்தான் இடத்துக்கு இடம் வேறு சொல் தேடிச் சாக வேண்டும். இப்போதுதான் என்றால் 'பிராவே'. மட்டும் என்றால் 'லென்'. காரணமெல்லாம் சொல்ல முடியாது, அவ்வளவுதான் என்று கையை விரிக்கிற இடத்தில் 'யெட்னொதுஹோ'.

முதல் பொருளுக்கு உதாரணம்: 'அவர் இப்போதுதான் இங்கே இருந்தார்.' இரண்டாவதற்கு: 'நான் ரொட்டி வாங்க மட்டும்தான் வெளியே போனேன்.'

இரண்டும் என் தங்கை ஹெட்விகா சொன்னவை. போன குளிர்காலத்தில் அவள் புருஷன் இம்ரிக் மாரடைப்பில் போனான். அவர்கள் ஊரான பிரெஸ்னோவில் அடக்கம் முடிந்து, எல்லோரும் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னது அது. நோயாளியைத் தனியே விட்டுவிட்டுப் போனாள் என்று புருஷன் வீட்டார் அவள் காதுபடப் பேசிக்கொண்டிருந்த நாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கிளாஸ் எடுக்க வந்த பிளாஜெய் கதவருகே நின்றிருந்தான். நின்று எழுதியிருக்கிறான், பாவி. பிறகு அதே கையால்தான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

அச்சுப்படியை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். ஆட்டுப் பாலாடைக்கட்டி போட்ட ஹலுஷ்கி உருண்டைகளை மேஜையிலேயே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பன்றிக் கொழுப்பு முகவாயில் மினுங்கியது.

"இது ஹெட்விகா சொன்னது," என்றேன்.

"ஆமா. அழகைப் பாரு ஜெல்கா. ஒரே மூச்சுல ரெண்டு பொருளும் வந்து விழுந்திருக்கு. தவம் கெடந்தாலும் கெடைக்காது."

"அவ புருஷன் செத்ததச் சொல்லி அழுதா, பிளாஜெய்."

"பேரா போட்டிருக்கேன்? நாட்டுல எல்லாருந்தான் ரொட்டி வாங்கப் போறாங்க."

"கிறிஸ்துமஸுக்கு அவளுக்கும் ஒரு பிரதி அனுப்புவ. அவ படிப்பா."

"படிக்கட்டுமே. அவ வாய்லேர்ந்து வந்த வார்த்தை நூறு வருஷம் நிக்கும். சந்தோஷந்தானே?"

நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். அதுதான் எனக்கு இன்னும் குமட்டலாக இருந்தது. திருடனாவது ஒளிந்துகொள்வான்.

"எடுத்துடு."

"ரெண்டுக்கும் டிராம்ல கேட்டது ஏதாவது போட்டுக்கலாம். ஆனா எல்லாமே சப்புனு ஆயிடும். ஒரு சொல்லுக்கு ஒரு நல்ல வாக்கியமாவது வேணும். நிஜமா ஒருத்தர் சொன்னது, இதுக்கு ஈடா ஒண்ணு கொண்டா. இதை இப்பவே அடிச்சுடறேன்."

"என்னால உன்னோட ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட முடியல," என்றேன். "ஏன்னு கேக்காத. முடியல, அவ்வளவுதான்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டான்.

"மூணாவது பொருளுக்கு நம்மகிட்ட உருப்படியா ஒண்ணுமே இல்ல," என்றான். "இன்னொரு தடவ சொல்லு. மெதுவா."

சொன்னேன். அவன் அட்டையில் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். பிறகு ஹெட்விகாவின் இரண்டு வரிகளையும் என் கண்முன்னே அடித்தான். அந்த அளவுக்கு வாக்குத் தவறாதவன்.

அதன்பிறகு வீட்டில் நான் நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பி. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் ஹெட்விகாவிடம்தான் சொல்ல வேண்டும், அவளுக்கு இருக்கிற பாரமே போதும்.

புத்தகம் வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். 'ஜஸ்ட்' பக்கத்தில் தவறாமல் ரிப்பன் வைத்தான். பெருமை தாங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹெட்விகா போன் செய்தாள். அடுப்பில் முட்டைக்கோஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பிளாஜெய் மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"புத்தகம் வந்துச்சுடி," என்றாள். "ரிப்பன் வெச்ச பக்கத்தப் பாத்தேன். ஒருத்தி உன்னோட உக்காந்து சாப்பிட முடியலங்கறாளே, புருஷன்கிட்டதானே?"

நான் அடுப்பைத் தணித்தேன்.

"உங்க ஆபீஸ்ல பொய் வாக்கியம் போட மாட்டீங்கல்ல?"

"மாட்டோம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அவகிட்ட சொல்லு. யாராவது வந்தா இருக்கட்டும்னு இன்னிக்கு ஒரு தட்டு கூட வெப்போமில்ல, இங்கயும் வெச்சிருக்கேன். இம்ரிக் கட்டில் காலியாத்தான் கெடக்கு. ராத்திரி ரயில் இருக்கு."

போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினேன். கைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"இப்ப எங்க போற?" என்றான் பிளாஜெய். கடைகளெல்லாம் மத்தியானமே மூடியாயிற்று, அது அவனுக்கும் தெரியும்.

"ரொட்டி வாங்க மட்டும்தான்," என்றேன்.

அவன் அதை எழுதிக்கொள்ளவில்லை. அந்த வாக்கியம் அவனிடம் ஏற்கெனவே இருந்தது.