எட்டாம் நம்பர் மலையில் கூடு இல்லை

பருந்து வந்துவிட்டது. அதற்காகத்தான் விடிந்தும் விடியாததுமாக இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தார்கள். வந்ததைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட வேண்டியவள் தனுஜா. ஆனால் அவள் பருந்தைப் பார்க்கவில்லை. கீழே எட்டாம் நம்பர் மலையின் தேயிலைக்குள் தலைத்துணிகள் ஒவ்வொன்றாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு, மஞ்சள், பிறகு நீலம். கொழுந்தெடுக்க ஆள் வந்துவிட்டது.

இன்றைக்கு அங்கே ஆள் வரக்கூடாது. நேற்றே அந்த மலை முடிந்திருக்க வேண்டும். இடையில் இரண்டு நாள் அடித்த மழை எல்லாக் கணக்கையும் குழப்பிவிட்டது.

"தனுஜா, அந்தா பாரும்மா, உக்காந்திருச்சு" என்று சுந்தரலிங்கம் கிசுகிசுத்தார். ஹட்டன் பஜாரில் புடவைக் கடைக்காரர். கடையை மகன் கையில் விட்டுவிட்டு, கைக்குழந்தையைவிடப் பத்திரமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர். போன மாதம் மன்னார்ப் பக்கம் போய், முழங்கால் சேற்றில் நின்று பூநாரைகளைப் படம் எடுத்து வந்த பெருமை அவருக்கு இன்னும் இறங்கவில்லை. கடலோரத்துப் பறவை நமக்காகவே நிற்கும், உங்கள் காட்டில் ஒரு குருவியைப் பார்ப்பதற்குள் கழுத்துச் சுளுக்கிவிடுகிறது என்று வழியெல்லாம் தனுஜாவைச் சீண்டிக்கொண்டே வந்தார். அப்பா எங்காவது வழுக்கி விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா அனுப்பிய மகள் ஹம்சினி, அவருக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பட்ட மரத்தின் உச்சியில் பருந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. தேன்பருந்து. அதற்குக் கோழிக்குஞ்சும் வேண்டாம், எலியும் வேண்டாம். தேன்கூட்டைக் கிழித்து உள்ளே இருக்கும் புழுவைத் தின்பதுதான் அதன் பிழைப்பு. அது பார்த்துக்கொண்டிருந்த கூடு, காட்டின் விளிம்பில் நின்ற பெரிய மரத்தின் கிளையில், பாதிக் கதவளவுக்குக் கறுப்பாகத் தொங்கியது. புத்தகத்தில் அவை மலைத்தேனீ. தோட்டத்தில் அப்படியெல்லாம் பேர் பிரிப்பதில்லை. கூட்டமாக வந்து கொட்டுகிற எல்லாமே குளவிதான். வருஷத்துக்கு ஒருவரையாவது பாடையில் ஏற்றிவிடுகிற குளவி.

அந்த மரத்துக்கு நேர் கீழேதான் எட்டாம் நம்பர் மலையின் மேல் நிரை.

போன வாரம் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பிரதீபன், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் நின்ற தனுஜாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "தனுஜா, நீ டூரிஸ்டுகள கூட்டிக்கிட்டு காடெல்லாம் சுத்துறவ. எட்டாம் நம்பர் மலையோரம் குளவிக்கூடு கீடு இருக்கா? இருந்தா சொல்லு, எரிச்சிட்டுத்தான் ஆள் விடணும்."

"இல்லைங்கையா" என்றாள்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். கூட்டை அவள் அதற்கு முன்பே பார்த்திருந்தாள். பருந்து வந்து வேவு பார்த்துவிட்டுப் போனதையும் பார்த்திருந்தாள். சுந்தரலிங்கத்துக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லியும் ஆகிவிட்டது. கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் அவள். தனுஜா கூட்டிப்போனால் பறவை வரும் என்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நாலு பேர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது. கூட்டை எரித்துவிட்டால் பருந்து ஏன் வரப்போகிறது? ஆட்கள் ஒரு நாளில் மலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள், அந்த ஒரு நாளிலா பருந்து வந்து விழப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது பருந்தும் வந்துவிட்டது, ஆளும் வந்துவிட்டது.

போனை எடுத்துப் பார்த்தாள். அந்த முகட்டில் சிக்னல் ஒரு நாளும் கிடைத்ததில்லை. கத்தினால் காற்று எதிர்ப்பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும். இறங்கி ஓடலாம். ஓடிப்போய் என்ன சொல்வது? கூடு இருக்கிறது என்றால், இல்லை என்று சொன்னது யார் என்று கேட்பார்களே. பருந்து சில நாள் சும்மா பார்த்துவிட்டுப் பறந்துவிடும். இன்றைக்கும் அப்படிப் போய்விட்டால்? பயந்தவளுக்குச் சாக்குக்கா பஞ்சம்.

நீலத் தலைத்துணி மற்றவர்களை விட்டுப் பிரிந்து மேலே ஏறியது. இடது காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை. ராக்காயி. தனுஜாவின் மாமியார். எந்த மலைக்குப் போனாலும் மேல் நிரைதான் பிடிப்பாள். அங்கேதான் யாரும் வந்து வாய் கொடுக்க மாட்டார்கள் என்பாள். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மருமகள் கண்ட ஆம்பிளைகளோடு காட்டுக்குள் குருவி பார்க்கப் போகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டு, தனுஜாவிடம் மட்டும் மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறவள்.

பருந்து எழுந்து ஒரு வட்டம் போட்டது. கூட்டின்மேல் ஒரு சிலிர்ப்பு மேலிருந்து கீழாக ஓடியது. தேனீக்கள் தயாராகின்றன.

"சேர், படம் போதும். ரெண்டு பேரும் அந்தப் பத்தைக்குள்ள போய்ப் படுங்க. ஜாக்கெட்டால தலைய மூடிக்கங்க."

"என்னம்மா சொல்ற? இப்பதானே சுத்துது. இன்னும் கொஞ்ச நேரத்துல..."

"கொஞ்ச நேரத்துல அது கூட்டைக் கிழிச்சிரும். கீழ எங்க ஆளுங்க இருக்காங்க."

சுந்தரலிங்கம் கேமராவை விட்டுக் கண்ணை எடுத்துக் கீழே பார்த்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. ஹம்சினி அதற்குள் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, நீங்க?"

"வந்து உக்காந்தாலும் தட்டாதீங்க, ஓடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தனுஜா குறுக்குப்பாதையில் இறங்கினாள்.

இறங்கினாள் என்று சொல்வது மரியாதைக்கு. பாதிவழி சறுக்கி, பாதிவழி விழுந்துதான் போனாள். மேல் நிரையைத் தாண்டும்போது, "அத்த, கீழ வாங்க, கீழ வாங்க" என்றாள். ராக்காயி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொழுந்தைக் கிள்ளினாள். தனுஜா நிற்காமல் கங்காணி செல்லசாமியிடம் ஓடினாள். அவர் சொன்னால்தான் எல்லாரும் அசைவார்கள்.

"கங்காணி, எல்லாரையும் மலைய விட்டு எறக்குங்க. மேல மரத்துல கூடு இருக்கு. பருந்து அடிக்கப் போவுது."

செல்லசாமி நல்ல மனிதர்தான். ஆனால் மழையால் கொழுந்து முற்றிப்போய், காலையிலேயே கண்டாக்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "என்னாது கூடா? கூடு இல்லன்னு கண்டாக்கையா சொல்லித்தானே ஆள் கொண்டாந்தேன்."

"இருக்கு. நான் பாத்தேன்."

"நீதானேம்மா பெரட்டுல வச்சு இல்லன்னு சொன்ன. நானும் பக்கத்துலதானே நின்னேன்."

பெண்கள் கை ஓய்ந்து நின்றார்கள். "வெள்ளைக்காரங்க யாராச்சும் போட்டோ புடிக்கணுமாக்கும், நம்மள வெலகச் சொல்றா" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சிரித்தாள். தனுஜா மேலே பார்த்தாள். பருந்து வட்டத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் சொன்ன ஒரு சொல், இன்றைக்குக் கதவை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. அதை நகர்த்த ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"பொய் சொன்னேன்" என்றாள். "கூடு இருந்தது தெரியும். எரிச்சிருவாங்கன்னு மறைச்சேன். தெரிஞ்சேதான் சொன்னேன். இப்ப சொல்றது பொய்யில்ல. எறங்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. செல்லசாமி அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். அப்போது மேல் நிரையிலிருந்து ராக்காயியின் குரல் வந்தது. மாதக்கணக்கில் தனுஜா கேட்டிராத குரல்.

"கூடையப் போட்டுட்டு எறங்குங்கடி. அவ மூஞ்சியப் பாத்தா தெரியல?"

கூடைகள் சரிந்தன. பெண்கள் நிரைகளுக்கிடையே கீழே ஓடினார்கள். ராக்காயிதான் எல்லாருக்கும் பின்னால், காலை இழுத்துக்கொண்டு. தனுஜா கீழே ஓடாமல் மேலே ஏறினாள். ராக்காயியை எட்டிப் பிடித்த நேரத்தில் பருந்து இறக்கையைச் சுருட்டிக்கொண்டு கூட்டின்மேல் விழுந்தது.

சத்தம்தான் முதலில் வந்தது. ஆலைக்குள் மெஷினைப் போட்டதுபோல ஒரு இரைச்சல். பருந்து ஒரு துண்டு கூட்டைக் கால்களில் பிடித்துக்கொண்டு காட்டுக்கு மேலே போய்விட்டது. கறுப்பு மேகம் மரத்திலிருந்து அவிழ்ந்து, பருந்தைக் கொஞ்ச தூரம் துரத்தி, பிடிக்க முடியாமல் கீழே திரும்பியது. அங்கே மனிதர்கள் இருந்தார்கள்.

"படு" என்றாள் ராக்காயி. இடுப்பில் கட்டியிருந்த படங்கை, மழைக்கும் தேயிலைக் குச்சிக்கும் கட்டுகிற அந்தத் தடித்த ரெட்டுத் துணியை, ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். தேயிலை அடியில் தனுஜாவைத் தள்ளி, தானும் விழுந்து, இருவரையும் சேர்த்து மூடினாள். படங்கு ஒருத்தி அளவுக்கு வெட்டியது. ராக்காயியின் கால்கள் வெளியே கிடந்தன. தனுஜா தன் கால்களால் அவற்றைப் பின்னி உள்ளே இழுத்தாள். வெளியே மழை விழுவதுபோலத் தேனீக்கள் படங்கின்மேல் பட்டுப்பட்டென்று விழுந்தன. ஒன்று எப்படியோ உள்ளே நுழைந்து தனுஜாவின் கழுத்தில் கொட்டியது. அவள் அசையவில்லை. மாமியாரின் மூச்சு முகத்தில் சூடாக அடித்தது, வெற்றிலை வாசத்தோடு. தனுஜாவுக்கு அழுகை வந்தது. அழுதால் உடம்பு குலுங்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

தூரத்தில் செல்லசாமி கத்துவது கேட்டது. "படுங்க, படுங்க, எந்திரிக்காதீங்க." பிறகு வார்த்தை இல்லாத கத்தல். பிறகு அதுவும் இல்லை.

இரைச்சல் அடங்கி எழுந்தபோது பெண்கள் ஆங்காங்கே தேயிலைக்குள்ளிருந்து தலை தூக்கினார்கள். முகம் வீங்கியவர்கள், கை வீங்கியவர்கள். எல்லாரும் படுத்துவிட்டார்களா என்று நின்று பார்த்த செல்லசாமி மட்டும் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் குப்புறக் கிடந்தார். அவரிடம் படங்கு இல்லை. கங்காணிக்கு எதற்குப் படங்கு? புரட்டிப் பார்த்தபோது அவருடைய முகத்தில் கண் இருக்கும் இடம் தெரியவில்லை.

ஹம்சினி மறுபக்கமாக இறங்கி, அவர்கள் வந்த வேனைத் தேயிலை றோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை சுந்தரலிங்கம் செல்லசாமியின் வீங்கிய தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். அவருடைய காதும் ஒரு பக்கம் அப்பம்போல வீங்கியிருந்தது. படம் கிடைத்ததா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, தனுஜாவும் கேட்கவில்லை.

அன்று மாலை அவளே போய்க் கண்டாக்கிடம் சொன்னாள். மற்றவர்கள் சொல்லித் தெரிந்திருந்தும் பிரதீபன் கடைசிவரை கேட்டார். "செல்லசாமிக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன செய்வ?" என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலில் செல்லசாமியின் பெண்சாதிக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா அவளைத் திட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மூன்றாம் நாள் செல்லசாமி ஒரு கண்ணைத் திறந்தார் என்று நர்ஸ் வந்து சொன்னபோதுதான் அந்த அம்மா, "வீட்டுக்குப் போ" என்றாள்.

மறுநாள் பெரட்டில் ஆள் நகரவில்லை. ஆறாம் நம்பர் மலை என்றதும் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். அதுவும் காட்டோரம். பிரதீபன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தனுஜாவைக் கூப்பிட்டார். அடுத்து அந்த மலைதான் என்று தெரிந்து, முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போய், அந்த ஓரத்து மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு இருட்டும் நேரத்தில்தான் அவள் வீடு திரும்பியிருந்தாள். விடியற்காலை இன்னொரு தடவையும் போய் வந்திருந்தாள்.

"ஆறாம் நம்பர் மலையில கூடு இருக்கா?"

"இல்லைங்கையா."

அதே சொல். அவள் வாயிலிருந்து வந்தபோது அவளுக்கே அது பொய்போலக் கேட்டது. யாரும் கூடையைத் தொடவில்லை. "அன்னைக்கும் இதத்தானே சொன்னா" என்றது ஒரு குரல். கோபமாகக்கூட இல்லை. சாதாரணமாகச் சொன்னது. அதுதான் அதிகம் வலித்தது.

ராக்காயி வீங்கிய காலோடு முன்னால் வந்தாள். "அப்ப அவளே முன்னால போகட்டும். மேல் நிரையில இந்தத் தொங்கல்ல இருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் நடக்கட்டும். அப்பறம் நாங்க வாறோம்."

தனுஜா தலையாட்டினாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் தொங்கிய படங்கு ஒன்றை எடுக்கக் கையை நீட்டினாள்.

"படங்கு எதுக்கு?" என்றாள் ராக்காயி. "கூடுதான் இல்லையே."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு தனுஜா அதை இறக்கிக்கொண்டு, வெறுந்தலையோடு ஆறாம் நம்பர் மலைக்கு ஏறினாள். மேல் நிரையில் கால் வைத்தபோது காடு அவள் தோளுக்கு மேலேயே நின்றது. ஒரு இலை விழுந்தாலும் உடம்பு தூக்கிப் போட்டது. ஒவ்வொரு மரத்தையும் பார்த்திருந்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. விட்டிருந்தால்?

பின்னால் யாரும் வரவில்லை. நிரையில் பாதி தாண்டிய பிறகுதான், இழுத்து இழுத்து வைக்கிற அந்த நடை கேட்டது. தனுஜா திரும்பிப் பார்த்தாள். ராக்காயி மட்டும் வந்துகொண்டிருந்தாள். படங்கை இடுப்பில் கட்டவில்லை. விரிப்பதற்குத் தோதாக இரண்டு கையிலும் பிடித்திருந்தாள்.

"என்னைய ஏன் பாக்குற? மரத்தப் பாத்து நட" என்றாள்.