தொட்டா சொல்லுங்க

வண்டி தானாகவே முன்னால் போய்விட்டது என்றுதான் ஹாரன் முதலில் எல்லோரிடமும் சொன்னான். மாடு தானாகப் போகும். கோபித்துக்கொண்ட மச்சான் தானாகப் போவான். வண்டி போகுமா? கேட்டவர்கள் நம்பவில்லை. அதைவிட மோசம், சொன்னவனே நம்பவில்லை.

நடந்தது இதுதான். சலவைக்கூடத்தின் பின்வாசலில், வெளுத்த துணிகளை ஏற்றுகிற மேடைக்கு முன்னால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் நிறுத்திவிடுவான், அத்தனை பழகிய இடம். அன்றைக்குக் கண் நன்றாகத்தான் திறந்திருந்தது. பிரேக்கை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு அவன் மிதித்தது ஆக்ஸிலேட்டரை. வண்டி ஒரு துள்ளு துள்ளி, மேடையோரம் நின்ற தள்ளுவண்டியை மோதித் தள்ளியது. இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த படுக்கை விரிப்புகள் அத்தனையும் சாக்கடை ஈரத்தில் போய் அகலமாகப் படுத்துக்கொண்டன.

தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் இஸ்திரி அக்கா நின்றிருந்தாள். அவளுக்கும் வண்டியின் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது.

"ஏம்பா ஹாரன், என்னை வெள்ளைத் துணியில சுத்தி அனுப்பிடலாம்னு பார்த்தியாப்பா?" என்றாள் அக்கா.

"நீங்கதானேக்கா சொல்வீங்க, எதையும் ஒரே அழுத்துல முடிக்கணும்னு."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவள் கைகள் மடியில் கிடந்து தாமாக ஆடிக்கொண்டிருந்தன. நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டியைப் பிடித்து இழுக்கிற கைகள். ஆடி அவன் பார்த்ததே இல்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். இந்நேரம் தனக்கும் பயம் வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. காத்திருந்தான். வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ பஞ்சை அடைத்து வாயைத் தைத்துவிட்டதுபோல் இருந்தது.

முதலாளி வந்து துணிகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் அவன் காலைப் பார்த்தார்.

"கால் எப்படி இருக்கு?"

"ரெண்டும் இருக்கு முதலாளி."

"விளையாடாதே. உனக்குச் சர்க்கரை இருக்குன்னு எனக்குத் தெரியும். போய் கிளினிக்ல காட்டு. ஓட்டலாம்னு அவங்க சொல்லட்டும், சாவி உனக்குத்தான்."

"ஓட்டக்கூடாதுன்னு சொன்னா?"

"அதை அப்புறம் பார்ப்போம்," என்று சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஹாரன் என்பது அவனுக்கு வண்டி கொடுத்த பெயர் இல்லை, வாய் கொடுத்த பெயர். எங்கே எது நடந்தாலும் முதல் சத்தம் அவனுடையதாக இருக்கும். எதைக் கேட்டாலும் ஒரு வேடிக்கைப் பதில் கையிருப்பில் இருக்கும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அவனிடம் நேரான பதில் வாங்கியவர்கள் அந்தச் சலவைக்கூடத்தில் யாரும் கிடையாது. அதனாலோ என்னவோ, அவனுக்கும் யாரும் நேரான பதில் கொடுத்துப் பழகவில்லை.

உண்மை அவனுக்குத் தெரியும். கொஞ்ச காலமாகவே வலது பாதம் மரத்துக் கிடந்தது. எப்போதும் ஒரு தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டிருப்பதுபோல். கழற்றினாலும் கழன்றுவராத காலுறை. பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது, தரை எது என்று பாதம் சொல்வதை நிறுத்திவிட்டது. சொல்லாவிட்டால் போகிறது என்று அவன் வேறு வழி கண்டுபிடித்தான். மிதித்ததும் இன்ஜின் சத்தம் தணிந்தால் பிரேக், எகிறினால் மற்றது. எகிறுவதற்குள் காலை நகர்த்திவிடுவான். மற்றவர்கள் காலால் ஓட்டினார்கள், அவன் காதால் ஓட்டினான். நன்றாகவும் ஓட்டினான். அன்றைக்குக் கரண்ட் போய், பின்வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது போட்ட இரைச்சலில் இன்ஜின் என்ன சொன்னதென்று காதில் விழவில்லை.

வீடு என்பது மூன்றாம் மாடியில் ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு, ஜன்னலோரம் அவன் மனைவியின் தையல் மிஷின். சலவைக்கூடத்தில் கிழிகிற துணிகளை வாங்கிவந்து வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள். அவன் வருவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலை. விரிப்புக்குத்தான் பலத்த காயம்."

அவள் மிஷினை நிறுத்தினாள். "காலை நீட்டுங்க."

வாராவாரம் நடக்கிற சடங்குதான். கிளினிக் என்று அவர்கள் சொல்வது வாரத்தில் ஒரு நாள் ஒரு பொதுக்கூடத்தில் கூடுகிற ஒன்று. வரிசை தெருவரை நிற்கும். டாக்டர் ஒவ்வொரு முறையும் புதியவராக இருப்பார். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த நோயாளி உட்கார்ந்திருப்பார். சிஸ்டர் ஒருத்தி மட்டும் மாறாமல் இருந்தாள். எல்லோருடைய பாதத்தையும் பார்க்க அவளுக்கு நேரம் ஏது? அதனால் வீட்டு ஆட்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். வெந்நீரில் காலை விடாதீர்கள், முழங்கையை விட்டுப் பாருங்கள். அப்புறம் இது: "அவரைக் கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. கால்விரல் நுனியில உங்க விரலை மெதுவா வைங்க, அழுத்தாதீங்க. தொட்டா அவர் சொல்லணும். சொல்லலைன்னா நீங்க என்கிட்ட வந்து சொல்லணும்."

முதல்முறை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தபோதே ஹாரனுக்குச் சங்கதி பிடிபட்டுவிட்டது. காலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தொடுகிற நேரத்தில் அவள் மூச்சைப் பிடித்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது பிடிப்பாளே, அதே மூச்சு. மூச்சு நின்றதும் "உம்" என்றான். அடுத்த விரல், மூச்சு நின்றது, "உம்." எல்லாம் முடிந்து கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தைப் பார்த்தான். வாடகை கேட்கிற வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டவள்போல் இருந்தது அந்த முகம். அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. வண்டியைக் கைவிடவும் மனம் வரவில்லை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதாமல் பரீட்சையில் தேறினவன் யார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அதன்பின் ஒவ்வொரு வாரமும் நூற்றுக்கு நூறு. சிஸ்டரும் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

"கண்ணை மூடிக்கோங்க. தொட்டா சொல்லுங்க," என்றாள் மனைவி இப்போது.

மூடினான். மூச்சு நின்றது. "உம்."

இன்றைக்கு அவள் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசி விரலுக்கு வந்தபோது மூச்சு ரொம்ப நேரம் நின்றது.

"உம்," என்றான். "எல்லாம் பாஸ்தானே, டீச்சர்?"

அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். "கிளினிக்குக்கு நானும் வரேன்," என்று மட்டும் சொன்னாள். அன்று மாலை முழுக்க மிஷின் ஓடவில்லை.

மறுநாள் கிளினிக்கில் கூட்டம் வழக்கம்போல. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவன் முகத்தைப் பார்த்து, "என்ன தம்பி, சர்க்கரையா?" என்றார்.

"ஆமாங்க. இனிப்பான மனுஷன், என்ன பண்றது."

பெரியவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

உள்ளே ஷூவைக் கழற்றச் சொன்னாள் சிஸ்டர். வலது ஷூவைக் கழற்றியபோது அதிலிருந்து எதுவோ விழுந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. மனைவி குனிந்து எடுத்தாள். சட்டைப் பொத்தான். சலவைக்கூடத்தில் மூலைக்கு மூலை அறுந்து கிடக்கிற பொத்தான்களில் ஒன்று. எப்போது உள்ளே புகுந்ததென்று யாருக்குத் தெரியும். சிஸ்டர் காலுறையை உருவி உள்ளங்காலைத் திருப்பினாள். பாதத்தின் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். பொத்தானின் ஓட்டைகள்கூட அச்சுப் பதிந்திருந்தன. ஓரத்தில் தோல் கிழிந்து லேசாக ரத்தம் கசிந்திருந்தது.

"வலிக்கலையா?"

"பொத்தானுக்கா, எனக்கா?"

சிஸ்டர் காயத்தைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டினாள். மருந்து எரியும் என்றாள். எரியவில்லை. பிறகு, "கண்ணை மூடிக்கோங்க. தொட்டா சொல்லுங்க," என்றாள்.

கண்ணை மூடி அவள் மூச்சுக்காகக் காது கொடுத்தான். சிஸ்டரின் மூச்சு ஏறியது, இறங்கியது, ஏறியது. நாள் பூராவும் ஊரான் பாதங்களைத் தொடுகிறவள். அவளுக்கு எதற்கு மூச்சு நிற்கப்போகிறது? மின்விசிறி கடகடத்தது. வரிசையில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை அழுதது. காத்திருந்து காத்திருந்து, இதுவாகத்தான் இருக்கும் என்று ஓர் உத்தேசத்தில் "உம்" என்றான்.

"நான் இப்ப தொடலை," என்றாள் சிஸ்டர்.

மறுபடி காத்திருந்தான். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை.

"கண்ணைத் திறங்க."

"ஏன் சிஸ்டர், ஆரம்பிக்கலையா?"

"முடிஞ்சிடுச்சு. எல்லா விரலையும் தொட்டுட்டேன்."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். வரிசையாக, சாதுவாக, வேறு யாருடையவோபோல் இருந்தன. அப்போதும் ஒன்றும் வரவில்லை, வருத்தம்கூட. வாசலில் விட்ட செருப்பு தொலைந்துபோனால் வருமே, அந்த அளவு வருத்தம்கூட இல்லை.

டாக்டர் பக்கத்து மேஜையில் இருந்தார். இந்த வாரத்து டாக்டர் கண்ணாடி போட்டவர்.

"சார், இது திரும்ப வருமா?"

"சர்க்கரை கட்டுக்குள்ள வரட்டும். பார்ப்போம்."

"வந்தா, காலும் வந்துடுமா?"

"மருந்தை விடாம சாப்பிடுங்க. ஆளுக்கு ஆள் மாறும். அடுத்தவங்க யாருப்பா?"

சிஸ்டர் அவனை ஓரமாக அழைத்துப் போனாள். "இப்போதைக்கு வண்டி எடுக்காதீங்க. காயத்தைத் தினம் பாருங்க. வெறுங்காலோட வீட்டுக்குள்ளகூட நடக்காதீங்க."

"இப்போதைக்குன்னா எதுவரைக்கும் சிஸ்டர்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். சிஸ்டர் ஓடினாள். ஹாரன் ஷூவை உதறினான். உதற வேண்டிய நேரத்தில் உதறாதவன், இப்போது விழுவதற்கு ஒன்றுமில்லாத ஷூவை நன்றாக உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

மனைவி உடனே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தான். மயங்கிய பெண் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரோரமாக அவன் மனைவியும் சிஸ்டரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி எதையோ கேட்டாள். சிஸ்டர் அவள் தோளில் கைவைத்துச் சொன்னாள். மனைவி தலையாட்டினாள். மறுபடி ஏதோ கேட்டாள். மறுபடி தலையாட்டினாள்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பொத்தான் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்ல பொத்தான். எதுக்காவது வச்சுத் தைச்சுடலாம்," என்றான்.

ஒரு பஸ் வந்து நின்று, இவர்களைப் பார்த்துவிட்டுப் போனது. அவர்கள் ஏற வேண்டிய பஸ்தான். ரெண்டு பேரும் எழவில்லை.

"ஏம்மா, டாக்டர் பார்ப்போம்னு சொல்றார். முதலாளி அப்புறம்னு சொல்றார். சிஸ்டர் இப்போதைக்குன்னு சொல்றாங்க. எல்லாரும் என்கிட்ட வழவழான்னு பேசறாங்க. நீயாவது வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லேன்."

"முதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க. நேத்து கடைசி விரலை நான் தொட்டேனா?"

"தொட்டியே. உம்னேனே."

"தொடலை. மூச்சை மட்டும் பிடிச்சேன்."

நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை தயாராக வந்து நின்றது. அவன் அதை எடுக்கவில்லை. அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

"எப்ப கண்டுபிடிச்சே?"

"ரொம்ப நாளாவே சந்தேகம்தான். எத்தனை மெதுவா தொட்டாலும் கரெக்டா சொன்னீங்க. கரெக்டா சொல்றவரா நீங்க? ஆனா நீங்க உம்னு சொன்னா எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. அதான் நானும் சத்தமாவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்." அவள் குரல் தட்டையாக இருந்தது. "நேத்து அக்கா ஒரு சாண்ல தப்பிச்சாங்கன்னு கேட்டப்புறம் என்னால முடியலை."

அவன் குனிந்து வலது ஷூவைப் பார்த்தான். தரையை மிதிப்பதாகத்தான் தெரிந்தது, பார்வைக்கு.

"சரி. நான் சிரிக்கலை. இப்பச் சொல்லு. திரும்ப வருமா?"

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மூச்சைப் பிடிக்கவில்லை.

"வராது," என்றாள். "போன உணர்ச்சி போனதுதான். சிஸ்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாங்க. இனிமே தினம் பார்த்துக்கிட்டா காலைக் காப்பாத்தலாம், மத்த கால் இப்படி ஆகாம பார்க்கலாம், அவ்வளவுதான். சாவியை நீங்க இனிமே கேக்கக்கூடாது."