மொட்டை வண்டி

நாமக்கல்லில் லாரிகளுக்குக் கேபின் கட்டுவது சந்திரசேகரின் தொழில். அப்பேர்ப்பட்டவர், துணிக்கூரையை மடக்கினால் திறந்துகிடக்கும் பழைய கார் ஒன்றை ஆசைக்கென்று சல்லிசாக வாங்கிவந்ததும் அவர் மனைவி கலைமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊர் லாரிக்கெல்லாம் கூரை போடுறீங்க, நமக்கு மட்டும் மொட்டை வண்டிங்களா?"

கிழிந்திருந்த கூரைத்துணியைத் தைக்கக் கொடுத்துவிட்டு, மழை வராது என்று சாதித்து, அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். ராசிபுரம் தாண்டியதும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பின்னால் வந்த லாரிக்காரர் ஓரங்கட்டி இறங்கினார். தார்ப்பாயால் காரை மூடிக் கட்டிவிட்டு, இருவரையும் தன் கேபினில் ஏற்றித் துண்டு கொடுத்தார்.

பட்டறைச் சுத்தியல் சத்தத்தைக் காலமெல்லாம் திட்டித் தீர்த்தவள், கேபினுக்குள் உட்காருவது இதுதான் முதல் தடவை. வெளியே அப்படியொரு மழை. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

"ஒழுகவே இல்லீங்களேண்ணா!"

"நாமக்கல்லுல கட்டுனதுங்க. எனக்கு ஊடு வாசலெல்லாம் இதுதான். கட்டுன மகராசன் நல்லா இருக்கோணும்."

கண்ணாடிக்கு மேலே, சிவப்புப் பெயிண்டில், அவர்கள் பட்டறையின் பெயர் இருந்தது. சந்திரசேகர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலைமணி துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

"ஏனுங்க, அந்தத் துணி மெதுவாவே தெச்சு வரட்டும். ஒண்ணும் அவசரமில்லீங்க, ரோடெல்லாம் நீங்க போட்ட கூரைதானுங்களே."