மேலே ஒரு கால் சுற்று

உத்திரமேரூர் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் மெக்கானிக் ஐசக்கின் கையைப் பற்றித்தான் சொல்வார்கள். அவன் முடுக்கின நட்டு, சாலவாக்கம் ரோட்டுப் பள்ளத்தில் ஆறு மாதம் குலுங்கினாலும் அசையாது என்று பேர். எந்த போல்ட்டையும் முடுக்கி முடித்த பிறகு மேலே ஒரு கால் சுற்று போடுவான். "நம்ம ரோட்டுக்கு இது வோணும்" என்பான்.

அப்படிப்பட்டவனிடம், காஞ்சிபுரத்திலிருந்து டூல்ஸ் விற்க வரும் வசந்த்குமார் ஒரு டிஜிட்டல் டார்க் ரெஞ்சைக் கொடுத்தான்.

"பத்து நாள் வெச்சிக்கினு வேல செஞ்சி பாருணா. இன்னா கொறன்னு சொன்னீனா கம்பெனிக்கு எழுதிப் போடுவேன்."

"எனக்குதான் கை கீதே. கைக்கு பேட்டரி மாத்தணுமா இன்னா?"

"கைக்கு நம்பர் தெரியாதுணா."

வசந்த்குமார் சொன்னது நிஜம்தான். எந்த நட்டுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று வண்டிக் கம்பெனியின் புத்தகத்தில் ஒரு எண் போட்டிருக்கும். அதை ரெஞ்சின் சின்னத் திரையில் வைத்துவிட்டு முடுக்கினால், அந்தப் பலம் வந்ததும் பச்சை விளக்கு எரிந்து 'பீப்' என்று கத்தும். பிடித்த கையிலும் ஒரு அதிர்வு தெரியும்.

முதல் மூன்று நாள் ஐசக் குறையாகவே பொறுக்கினான். மத்தியான வெயிலில் திரை தெரியவில்லை. பிடி நீளம், ஸ்கூட்டிக்கு அடியில் நுழையவில்லை. சின்ன போல்ட்டுகளுக்கான எண்ணே அதில் இல்லை. கிரீஸ் கையோடு பட்டனை அமுக்கினால் வேறு எண்ணுக்குத் தாவுகிறது. எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தான். எதுவும் பொய்யில்லை.

நாலாம் நாள் வேறு மாதிரி சோதிக்கத் தோன்றியது. ஆயில் மாற்றின வண்டி ஒன்றில், அடியில் இருக்கிற ஆயில் போல்ட்டை வழக்கம்போல் சாதா ஸ்பேனரால் முடுக்கினான். கால் சுற்றும் போட்டான். பிறகு ரெஞ்சை மாட்டினான். புத்தகத்தில் இருபத்துநாலு. வைத்து அழுத்தினான். போல்ட் அசையவே இல்லை, அதற்குள் பீப். முப்பதுக்கு ஏற்றினான், பீப். முப்பத்தைந்து, பீப். முப்பத்தெட்டில்தான் மயிரிழை அசைந்தது; அவன் கை முடுக்கியிருந்தது அவ்வளவு.

பேட்டரி சரியில்லை என்று மாற்றினான். அடுத்த வண்டி முப்பத்தாறு. அதற்கடுத்தது முப்பத்தொன்பது. "பைத்தியக்கார ரெஞ்சு" என்று துணியில் சுற்றி வைத்துவிட்டான்.

சாயங்காலம் பழையசீவரத்திலிருந்து ஒரு பழைய வண்டி பிரேக் பார்க்க வந்தது. குனிந்தவன் அப்படியே நின்றான். இன்ஜினைத் தாங்கும் நான்கு நட்டுகளின் மேலும் சிவப்பாக ஒவ்வொரு பொட்டு. நகப்பூச்சு.

அது அவன் மனைவி மார்த்தாளின் பழக்கம். ஒன்பது வருஷம் அவனோடு இதே கடையில் வேலை செய்தவள் அவள். முடுக்கின நட்டில் நகப்பூச்சு தொட்டு வைப்பாள், ஒன்றும் விட்டுப்போகாதிருக்க. மூன்று வருஷத்துக்கு முன் அவன் மூட்டுக் காய்ச்சலில் கிடந்த வாரம், அவள் தனியாகக் கடையைப் பார்த்தபோது செய்த வண்டி இது. இந்த நட்டுகளின் மேல் அவன் கை படவே இல்லை.

புத்தகத்தைப் புரட்டினான். முப்பது. துணியைப் பிரித்து ரெஞ்சை எடுத்து மாட்டினான். முதல் நட்டு முப்பத்திரண்டில் லேசாக அசைந்தது. அடுத்ததும் முப்பத்திரண்டு. மூன்றாவது முப்பத்தொன்று. நாலாவதை அவன் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நம்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டான் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு முன்பே தெரியும். அதுதான் கஷ்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன், மளிகைக்கடை அஹமது பாட்சா தம் மனைவி வகிதாவை உட்கார வைத்துக்கொண்டு ஓரிக்கை பக்கம் போனபோது வண்டி நடுரோட்டில் நின்றது. ஆயில் முழுக்க ஒழுகி, இன்ஜின் இறுகிப்போயிருந்தது. லோடு ஆட்டோவில் வண்டியைப் போட்டுக்கொண்டு வந்து கடை வாசலில் கத்தினார். ஐசக் குனிந்து ஆயில் போல்ட்டைத் தொட்டான். இரண்டு விரலுக்கே கையோடு வந்தது. அதன் திருகு மரையில் அலுமினியம் கம்பிச் சுருளாகச் சுற்றியிருந்தது. லூசாக விட்ட போல்ட்டில் அப்படிச் சுற்றாது. அளவுக்கு மீறி முடுக்கி, உள்மரை பிய்ந்தால்தான் சுற்றும். மார்த்தாள் முடுக்கினதன் மேல் அவன் போட்ட கால் சுற்று அது.

கையிலிருந்த துணியால் போல்ட்டை அழுத்தித் துடைத்துவிட்டு எழுந்து சொன்னான்: "என் வூட்டுக்காரி முடுக்கினது பாய். பொம்பள கை, லூசா வுட்டுட்டா."

மார்த்தாள் அத்தனை பேருக்கு முன்னால் அவனைப் பார்த்தாள். "நான் முடுக்கினதுக்கு மேல நீ கை வெச்சியேய்யா?"

"சும்மா கெட."

அவள் சும்மா இருந்தாள். மறுமாதமே கம்பெனி வேனில் ஒரகடம் பக்கம் வண்டி செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவனை அவசரப்பட்டுத் திட்டாதீர்கள், கண்ணுகளா. கைக்கு ஒரு பேர் வந்துவிட்டால், அதைக் காப்பாற்ற மனுஷன் என்னென்னவோ செய்துவிடுகிறான்.

ஐசக் எழுந்து, கடையை அப்படியே விட்டு, பாட்சாவின் கடைக்கு நடந்தான். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அன்னிக்கு உன் வண்டி போச்சே, அது மார்த்தா தப்பு இல்ல. என் கைதான். அன்னிக்கே தெரியும் எனக்கு."

பாட்சா தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அந்த வண்டிய வித்தே ஒன்றர வருசமாச்சே நைனா."

"சொல்லணும்னு தோணுச்சி."

"தோணுச்சா? நான் வர்றவன் போறவன் கிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்தேனேடா, அந்தம்மா கையில வண்டிய குடுக்காதீங்கன்னு! அத்தயெல்லாம் நான் எங்க போயி திருப்பி வாங்கறது?" அவர் குரல் இறங்கியது. "அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"பின்ன இங்க வந்து இன்னா நின்னுக்கினு கீற? போ."

கம்பெனி வேன் பஸ் நிலையத்துக்கு வெளியே ஆறரைக்கு நிற்கும். நீல யூனிஃபார்மில் பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய மார்த்தாள் அவனைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"இன்னாய்யா? யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல." வரும் வழியெல்லாம் தயார் செய்திருந்த பேச்சை விட்டுவிட்டு வேறெங்கோ ஆரம்பித்தான். "பழையசீவரத்து வண்டி ஒண்ணு வந்துச்சி. நீ முடுக்கினது. ரெஞ்சு வெச்சி பாத்தேன். எல்லாம் கரெக்டா கீது."

"இருக்கும்."

"பாய் வண்டி... அத்த நான்தான்..."

"தெரியும்."

"இல்ல மார்த்தா, போல்ட்டுல அலுமினியம் சுத்திக்கினு இருந்துச்சி. நான் அத்த..."

"துணியில தொடச்ச. அந்தத் துணிய தொவைச்சது யாருய்யா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "தூளு தூளா கையில குத்துச்சி. அன்னிக்கே பாத்தேன். நைட்டு சொல்லுவ, நாளைக்கு சொல்லுவன்னு இருந்தேன். ஒரு வருசம் பாத்தேன். அப்புறம் வுட்டுட்டேன்."

ஐசக் அவள் தோளிலிருந்த சாப்பாட்டுப் பைக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை, தள்ளவும் இல்லை.

"பாய்கிட்ட சொல்லிட்டேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்றேன். நீ கடைக்கு வந்துடு மார்த்தா. மேல கை வெக்க மாட்டேன்."

மார்த்தாள் சிரித்தாள். கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அங்க எனக்கு செக்கிங் வேல குடுத்துக்கீறாங்கய்யா, மூணு மாசமா. ஒன்னாண்ட சொல்லல. நான் சரின்னு ஒரு கையெழுத்து போட்டா போதும், அப்புறம் அந்த நட்ட யாரும் தொட மாட்டாங்க. அத்த வுட்டுட்டு வரச் சொல்றியா?"

மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அவனிடம் அவள் சொல்லாமல் இருந்திருக்கிறாள். சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு.

"வேணாம்" என்றான்.

"காலைல அஞ்சு மணிக்கு வேன் வந்துடும். நட, தண்ணி புடிக்கணும்" என்று அவள் முன்னால் நடந்தாள். ஐசக் கூடவே போனான், ஓரடி பின்னால்.